சைக்ளோஸ்போரின் ஆரம்பித்த பிறகு மகளுக்கு முகமெல்லாம் முடி, மாத்திரையை ஒளித்து வைக்கிறாள்

புதுவயல் அம்மா:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஆறு வயதில் ஒருநாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கி எழுந்தாள். ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலும் வயிறும் வீங்கிய பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம், நெப்ராட்டிக் சிண்ட்ரோம் என்றார்கள். சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் நின்றுவிடும், அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் மறுபடி ஆரம்பிக்கும், ஒரு சளி பிடித்தால் போதும். இப்படியே ஏழு வருடம். தினமும் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து, சல்ஃபோசாலிசிலிக் சொட்டு விட்டு, கலங்குகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவேன். ‘நில்’ என்றால் புரதம் இல்லை, ‘ட்ரேஸ்’ என்றால் லேசாக, ஒரு பிளஸ், மூன்று பிளஸ் என்று ஏற ஏறப் புரதம் அதிகம். இப்போது நடப்பது ஏழாவது நோட்டு. ஸ்டீராய்டால் முகம் உப்பி, வயிறு பெருத்து, வளர்த்தியும் நின்று, வகுப்பிலேயே குள்ளமாக நிற்கிறாள்.

அதனால்தான் இந்த ஆடியில் டாக்டர் சைக்ளோஸ்போரின் என்கிற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தை ஆரம்பித்தார். காலையில் 75 மில்லிகிராம், இரவு 75. உள்ளதைச் சொல்ல வேண்டும், மருந்து நன்றாக வேலை செய்தது. ஆவணியிலிருந்து நோட்டில் நில், நில், நில். ஸ்டீராய்டை ஒருநாள் விட்டு ஒருநாள் சின்ன அளவு என்று கொண்டுவந்துவிட்டார்கள். பழைய முகம் திரும்பியது. எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்றாவது மாதத்தில்தான் கவனித்தேன். நெற்றியில் பூனைமுடி கறுத்து, தலைமுடி ஓரத்திலிருந்து புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. இரண்டு புருவமும் கூடிவிட்டன. கன்னத்தில் கிருதா மாதிரி, மேல் உதட்டில் அரும்பு மீசை மாதிரி, கையில், முதுகில் எல்லாம். ஈறும் வீங்கிப் பல்லின் மேல் ஏறுகிறது. முடி வளரும் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளையைத் தயார்ப்படுத்தியிருப்பேன்.

போன வாரம் பிள்ளையார் நோன்பு. பங்காளி வீட்டு வளவில் எல்லோரும் கூடியிருந்தோம். இழை, அதாவது மாவில் நூல் திரி வைத்து ஏற்றி வாயில் போட்டுக்கொள்வது, அதை எடுத்துக் கொடுக்கும்போது அந்தத் திரி வெளிச்சம் அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. வரிசையில் நின்ற ஒருவர், ‘என்னடி இது, ஆம்பளப் பிள்ளை மாதிரி மீசை முளைச்சிருக்கு’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மனதில் கெட்ட எண்ணம் வைத்துக் கேட்டவர் இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டார். இவள் இழையை வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வெளியில் எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறாள். அரையாண்டுத் தேர்வைத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்தாள்.

நேற்று பட்டாலையைப் பெருக்கும்போது அப்பத்தாவின் பல்லாங்குழிப் பலகையிலிருந்து ஸ்பிரிட் மாதிரி ஒரு வாடை. மடக்கிய பலகையைத் திறந்தால் குழிக்குள் புளியங்கொட்டையோடு மாத்திரைகள். எண்ணினேன், பதினெட்டு. இரண்டு மூன்று இளகி ஒழுகியிருந்தது. காலை மாத்திரையை நான் கையில் கொடுத்து விழுங்க வைப்பேன், இரவு மாத்திரையை அப்பத்தாவோடு படுக்கும்போது அவளே போட்டுக்கொள்வாள் என்று விட்டிருந்தேன். ஒரு வேளைக்கு இரண்டு, அப்படியானால் ஒன்பது இரவு. இன்று காலை நோட்டில் ஒரு பிளஸ்.

நான் திட்டவில்லை, உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். ‘வீங்கினாக் கூட பரவாயில்லம்மா, வீங்கினா எல்லாரும் பாவம்னுதான் சொன்னாங்க’ என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முடி போகுமா, இல்லை இப்படியே நின்றுவிடுமா? வேறு மருந்து இருக்கிறதா? அதுவரைக்கும் முடியை என்ன செய்யலாம்? டாக்டரிடம் ஒளித்து வைத்த விஷயத்தைச் சொல்ல பயமாக இருக்கிறது, மறுபடி ஸ்டீராய்டுக்கே போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று. தையில் பள்ளத்தூரில் என் தம்பி கலியாணம் வேறு இருக்கிறது.


தேவகோட்டை ஆச்சி:

தங்கச்சி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கு 2003ல் கிட்னி மாற்றினார்கள், எங்கள் ஆத்தாவுடைய கிட்னி. எட்டு வருடம் சைக்ளோஸ்போரின் சாப்பிட்டேன், அதனால் உன் மகளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கை முழுக்க முடி, கன்னத்தில் முடி, காது மடலில் கூட முடி. அப்போது எனக்கு 29 வயது. அந்த வயதிலேயே கண்ணாடி பார்க்க மாட்டேன், 13 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்.

முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். போகும். மருந்தை மாற்றினாலோ, டாக்டரே நிறுத்தினாலோ அந்த முடி உதிர்ந்துவிடும். ஒரு வாரத்தில் போகாது, மாதங்கள் ஆகும். எனக்கு மாற்றிக் கொடுத்த பிறகு நாலாவது மாதத்தில் நெற்றி தெளிந்தது, கை முடி போக ஏழெட்டு மாதம் ஆனது. புதிதாகக் கொடுத்த மருந்து டேக்ரோலிமஸ். அதில் முடி வளரவில்லை. அதற்குப் பதிலாகத் தலைமுடி கொஞ்சம் கொட்டியது, கை லேசாக நடுங்கியது, ஒன்றரை வருடத்தில் சர்க்கரை வந்தது. இதையும் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனாலும் எனக்கு அந்த மாற்றம் நல்லதாகத்தான் இருந்தது.

இரண்டாவது, மாத்திரையை விடுவது. என்னோடு ஒரே வார்டில் ஒரு பெண் இருந்தாள், என்னைவிட ஆறு வயது சின்னவள். முகத்தில் முடி வருகிறது என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது அவளுக்கு. அப்பா கொடுத்த கிட்னி ஒரு வருடத்துக்குள் போய், மறுபடி டயாலிசிஸுக்கு வந்தாள். உன் மகளுக்குச் சொந்தக் கிட்னிதான், அவளுக்கு அந்த மாதிரி ஆகும் என்று நான் சொல்லவில்லை, வியாதி திரும்பும் என்பதுதான் அவளுக்குள்ள ஆபத்து. ஆனால் மாத்திரையை ஒளிக்கிற பிள்ளை அடமாகச் செய்வதில்லை. வேறு வழி தெரியாமல் செய்கிறாள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

டாக்டரிடம் உடனே சொல். கலியாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.


கானாடுகாத்தான் வாசகி:

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு எல்லாம் குப்பைமேனி இலை, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் மூன்றையும் காயவைத்து அரைத்துப் பூசுவோம். நாட்டு மருந்துக் கடையில் முடி நீக்குகிற பொடி என்று தனியாகவும் விற்கிறார்கள், அது இன்னும் சீக்கிரம் வேலை செய்யும் என்கிறார்கள். முயற்சி செய்து பாருங்கள். பிள்ளை சீக்கிரம் குணமாகக் கொப்புடையம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன்.


மருந்துக்கடைக்காரர், காரைக்குடி:

31 வருடம் மருந்துக்கடையில் நின்றவன். இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன், ஆனால் முடிவு டாக்டருடையது.

அம்மா, உங்கள் கேள்வியில் எனக்கு அவசரமாகப் பட்டது முடி இல்லை, அந்தப் பதினெட்டு மாத்திரை. அதை டாக்டரிடம் மறைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? அடுத்த முறை ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். குறைவாக இருக்கும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டுவார். டோஸ் கூடினால் முடியும் கூடும், ஈறும் கூடும், சிறுநீரகத்துக்கும் கெடுதல், ரத்த அழுத்தமும் ஏறும். பிள்ளை இன்னும் ஒளிப்பாள். ஆகவே உண்மையைச் சொல்வதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. விட்டுப்போன மாத்திரையைச் சேர்த்து வைத்து இரண்டு மடங்காகக் கொடுத்துவிடாதீர்கள். பலகையில் இருந்து எடுத்ததையும் கொடுக்க வேண்டாம், அந்த மாத்திரையை உறையிலிருந்து பிரித்தவுடன் போட வேண்டும், காற்றுப்பட வைத்தால் கெட்டுவிடும். உள்ளே ஆல்கஹால் கலந்திருக்கிறது, உங்களுக்கு அடித்த ஸ்பிரிட் வாடை அதுதான்.

முடி ஏன் வருகிறது? ஒவ்வொரு முடிக்கும் வளர்கிற பருவம், ஓய்கிற பருவம், உதிர்கிற பருவம் என்று உண்டு. சைக்ளோஸ்போரின் முடியை வளர்கிற பருவத்திலேயே பிடித்து வைக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பூனைமுடி நீண்டு தடித்துக் கறுக்கிறது. இது ஆண் ஹார்மோன் கூடியதால் வருவது இல்லை. அதனால் பிள்ளைக்கு ‘உனக்கு மீசை முளைக்கவில்லை, உடம்பு ஆம்பிளை மாதிரி மாறவில்லை, இது மாத்திரை செய்கிற வேலை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இது அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இவளுக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை. இந்த மருந்தைச் சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆரம்பகால ஆய்வில் நூற்றுக்கு 21 பேருக்கு முடி வளர்ச்சி இருந்தது என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. குழந்தைகளுக்கும், நம்மைப் போலக் கருமுடி உள்ளவர்களுக்கும் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இந்த மருந்தின் கதை எனக்குப் பிடித்தது, மகளுக்கும் சொல்லுங்கள். 1969ல் நார்வே நாட்டில் ஒரு மேட்டு நிலத்தில் எடுத்த கைப்பிடி மண்ணில் இருந்த பூஞ்சைக் காளானிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து சாண்டோஸ் கம்பெனியில் அதை ஆராய்ந்தபோதுதான், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற குணம் தெரிந்தது. 1983ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் மாற்றிய சிறுநீரகம் நிலைப்பது பாதி அதிர்ஷ்டம். டேக்ரோலிமஸும் மண்ணிலிருந்து வந்ததுதான், ஜப்பானில் சுகுபா என்கிற ஊர் மண், 1984. இரண்டும் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன, ஆனால் டேக்ரோலிமஸில் இந்த முடி வருவதில்லை, ஈறு வீக்கமும் ரொம்பக் குறைவு. அதனால்தான் பெண்பிள்ளைகளுக்கு டேக்ரோலிமஸே கொடுக்கலாம் என்று பல குழந்தைச் சிறுநீரக மருத்துவர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆச்சி சொன்ன மாதிரி சர்க்கரையும் நடுக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், நீங்களாக மாற்றிவிடக் கூடாது. சைக்ளோஸ்போரின் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் சாப்பிடுகிற பிள்ளைக்கு டேக்ரோலிமஸ் சில மில்லிகிராம்தான் வரும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது.

ஈறு பற்றி. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள், அதுவும் ஈறை வீங்க வைக்கும், இரண்டும் சேர்ந்தால் கூடுதல். மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு வேளையும் துலக்க வேண்டும். பல் டாக்டரிடம் போனால் இந்த மருந்து சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் கொடுத்தால் ரத்தத்தில் இந்த மருந்து தாறுமாறாக ஏறும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் நேர் எதிர், இறக்கிவிடும். புரூஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கும். தோட்டத்தில் பம்பளிமாஸ் மரம் இருந்தால் அந்தப் பழமும் வேண்டாம், அதுவும் அளவை ஏற்றும்.

கானாடுகாத்தான் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. கஸ்தூரி மஞ்சள் பூசுவது நம் வழக்கம்தான், சாதாரணத் தோலுக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் இந்த முடியை அது எடுக்காது. முடி நீக்குகிற நாட்டுப் பொடி வேறு விஷயம். பழைய செய்முறைகளில் அரிதாரம் சேர்ப்பார்கள். அரிதாரம் என்பது ஆர்செனிக் உள்ள தாது. ஸ்டீராய்டால் தோல் மெலிந்திருக்கிற, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிற பிள்ளைக்கு என்ன கலந்தது என்று தெரியாத பொடி எதுவும் வேண்டாம். பூசவும் வேண்டாம், உள்ளுக்கு நிச்சயமாக வேண்டாம்.


அழகுநிலையம் நடத்துபவர், காரைக்குடி:

முடியை என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், அது என் தொழில் என்பதால் எழுதுகிறேன். 16 வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன், இந்த மாதிரி மருந்து சாப்பிடுகிற நாலைந்து பெண்கள் என்னிடம் வருகிறார்கள்.

பிளீச் வேண்டாம், மெலிந்த தோலில் எரியும், திட்டுத் திட்டாகிவிடும். முகத்தில் வாக்ஸும் வேண்டாம், முடியோடு மேல்தோலும் உரிந்து வந்துவிட்டால் அந்த இடத்தில் கிருமி புகும். த்ரெட்டிங் புருவத்துக்கும் மேல் உதட்டுக்கும் பரவாயில்லை. ஒரு விஷயத்தை மட்டும் நின்று கவனியுங்கள். நிறையப் பேர் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வார்கள். உங்கள் மகளுக்கு அப்படிச் செய்ய விடாதீர்கள். நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், புதிய நூல், கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகு. த்ரெட்டிங்கில் தட்டையான மருக்கள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பரவும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது சீக்கிரம் போகாது.

நெற்றி, கன்னம், கை இவற்றுக்கு முகத்துக்கென்று விற்கிற சின்ன ரேசர் நல்லது. அவளுக்கு மட்டும் தனி ரேசர், வேறு யாரும் தொடக் கூடாது. வலி இல்லை, வீட்டிலேயே செய்யலாம். ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது உண்மை இல்லை. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தொட்டால் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். லேசர் பற்றி யாராவது சொன்னால் இப்போது காசைக் கொட்ட வேண்டாம். மருந்து உள்ளே இருக்கிற வரைக்கும் முடி வந்துகொண்டே இருக்கும், அப்புறம் தானாகப் போகிற முடிக்கு எதற்கு லேசர்.

இதெல்லாம் அவள் கேட்டால் மட்டும் செய்யுங்கள். சில அம்மாக்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள், அந்தப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து அழும். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எந்த முடி தொந்தரவாக இருக்கிறது என்று அவளே காட்டட்டும். நாம் நினைக்கிற இடம் ஒன்றாக இருக்கும், அவள் காட்டுகிற இடம் வேறாக இருக்கும்.


பெயர் வேண்டாம்:

அக்கா, நான் உங்கள் மகளாக இருந்தவள் என்று சொல்லலாம். எனக்கு இப்போது 24 வயது. நாலு வயதில் நெப்ராட்டிக், 11 வயதிலிருந்து இரண்டு வருடம் சைக்ளோஸ்போரின். அப்போது குன்றக்குடி பக்கத்தில் இருந்தோம். நானும் மாத்திரையைத் தூக்கி எறிந்திருக்கிறேன், ஊருணியில். எங்கள் வீட்டில் இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

வீங்கினால் பாவம் என்றார்கள் என்று அவள் சொன்னது இருக்கிறதே, அதை நான் பத்து தடவை படித்தேன். அது அப்படியே உண்மை. வீக்கம் வந்தால் நோயாளி என்று பார்ப்பார்கள். முடி வந்தால் நோய் என்று யாருக்கும் தெரியாது, நம்மையே ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கஷ்டப்படாதீர்கள், ‘ஆமாம், அது கஷ்டம்தான்’ என்று மட்டும் சொன்னால் போதும். எங்கள் அம்மா ‘உயிரைவிட முடி பெரிதா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள், ஆனால் அதற்கு அப்புறம் நான் அவர்களிடம் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எனக்கு உதவியது இரண்டு விஷயம். ஒன்று, ஒரு தடவை டாக்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் மட்டும் பக்கத்தில் இருக்க, என்னிடமே பேசினார். மருந்து என்ன செய்கிறது, எத்தனை மாதம், எப்போது நிறுத்திப் பார்ப்போம் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். முடிவு இருக்கிற விஷயம் என்று தெரிந்ததும் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இரண்டு, எங்கள் வகுப்பு டீச்சர். நான் லீவு போட்ட ஒருநாளில் வகுப்பில் இருந்தவர்களிடம் இது மருந்தால் வருவது, யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாளே கேட்பது நின்றது.

மருந்தை நிறுத்தி ஐந்து மாதத்தில் முகம் சுத்தமாகிவிட்டது. 15 வயதுக்கு அப்புறம் எனக்கு வியாதி திரும்பவில்லை. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வியாதி உள்ள குழந்தைகளில் நிறையப் பேருக்கு வளர வளரக் குறைந்துவிடும். அவளுக்கு என்னோடு பேச வேண்டும் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும்.


புதுவயல் அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், மதுரைக்குப் போய்வந்த அலைச்சல்.

முதலில், உங்கள் பதில்களை நான் படித்துவிட்டு அவளிடமே போனைக் கொடுத்துவிட்டேன். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் படித்தாள். நார்வே மண் கதையை அப்பத்தாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கடைசிப் பதிலை மட்டும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை, தனியாகத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் வந்து, ‘டாக்டர்ட்ட நானே சொல்றேன்’ என்றாள்.

டாக்டரிடம் அவளே சொன்னாள். ஒன்பது இரவு என்று. அவர் கோபப்படவில்லை, சொன்னதற்கு நன்றி என்றார். முடி பற்றி முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறிவிட்டது என்று அவரே சொன்னபோது எனக்கு மனசு இளகிவிட்டது. அன்று காலை மாத்திரை கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போனோம், ரத்தம் எடுத்தார்கள். ஒளித்து வைத்தது தெரிந்ததிலிருந்து இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டதால் அளவு சரியாக இருக்கிறது. சிறுநீர் அந்த ஒரு நாள் ஒரு பிளஸ், மறுநாள் இரண்டு, அப்புறம் ட்ரேஸுக்கு இறங்கி நான்கு நாளாக நில். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால்தான் வியாதி திரும்பியதாகக் கணக்கு, அதுவரை போகாமல் தப்பித்தோம்.

டேக்ரோலிமஸுக்கு மாற்றிவிட்டார். கடைசி சைக்ளோஸ்போரினுக்கும் முதல் டேக்ரோலிமஸுக்கும் எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு, சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டுக்குத் திரும்பப் போகும் பேச்சே இல்லை. முடி உதிர நாலு முதல் ஆறு மாதம் ஆகலாம் என்று அவளிடம் நேராகச் சொன்னார். அம்லோடிபினும் இருந்தது, அதையும் மாற்றினார்.

பார்லர் சகோதரி சொன்ன மாதிரியே எந்த முடி என்று அவளிடம் கேட்டேன். நான் மேல் உதடு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் காட்டியது நெற்றி. ரெட்டைச் சடை போட்டால் நெற்றி முடி எல்லோருக்கும் தெரிகிறதாம், பிரேயரில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். சின்ன ரேசர் வாங்கி, முதல் தடவை நான் செய்துவிட்டேன், இரண்டாவது தடவை கதவைச் சாத்திக்கொண்டு அவளே செய்தாள். கைமுடியைத் தொடவே இல்லை, அது இருக்கட்டும் என்றாள். வகுப்பு டீச்சரிடமும் பேசிவிட்டேன்.

பங்காளி வீட்டுக்கும் போய், அன்றைக்குக் கேட்டவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் கந்தரப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ‘எனக்குத் தெரியாம கேட்டுட்டேன் ஆத்தா’ என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவள் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

கலியாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பாவாடை சட்டைக்கு அளவு மட்டும் கொடுத்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் கை வைத்துத் தைக்கச் சொல்லி.

மருந்துக்கடை அண்ணன், உங்களிடம் ஒரு சந்தேகம். டேக்ரோலிமஸ் வெறும் வயிற்றில் போட வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்கூட பஸ் ஏழரைக்கு வந்துவிடும், எப்படி நேரம் வைப்பது?


மருந்துக்கடைக்காரர், காரைக்குடி:

நல்ல செய்தி அம்மா. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம். காலை ஆறு மணிக்கு எழுப்பி மாத்திரை, ஏழு மணிக்கு மேல் இட்லி. மாலை ஆறு மணிக்கு இரண்டாவது, ஏழு மணிக்குச் சாப்பாடு. பள்ளியிலிருந்து வந்ததும் தின்கிற பலகாரத்தை நாலு மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி முக்கியம், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். ரத்தம் எடுக்கிற நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். ஒரே கம்பெனி மருந்தாகவே வாங்குங்கள், கடையில் இல்லை என்று வேறு கம்பெனி கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தீர்வதற்குப் பத்து நாள் முன்னாலேயே சொல்லி வையுங்கள், இது எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்கிற சரக்கு இல்லை.